வாடகை வீட்டில் இருப்பவரின் பொருட்களுக்குக் காப்புறுதி: எதற்கு இழப்பீடு கிடைக்கும், எப்போது கோர வேண்டும்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வாடகை வீடுகளில் குடியிருப்பவர்களிடம் காப்புறுதி பற்றிப் பேச்செடுத்தால், "அது வீட்டுக்காரர் பார்க்க வேண்டிய விடயம்" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. இது பாதி சரி, பாதி பிழை. கூரை, சுவர், நிலம், கதவு, மின்னிணைப்பு, கிணற்று மோட்டர் என்பன வீட்டுக்காரருடையவை. அவற்றுக்கு அவர் காப்புறுதி எடுத்திருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். வங்கிக் கடனில் கட்டிய வீடாயின், வங்கி கேட்டதற்காகக் கட்டடத்துக்குத் தீக் காப்புறுதி எடுக்கப்பட்டிருக்கும். அதில் வரும் இழப்பீடும் முதலில் கடனுக்கே போகும். ஆனால் அந்தக் கூரையின் கீழ் நீங்கள் கொண்டுவந்து வைத்திருக்கும் கட்டில், மெத்தை, அலுமாரி, குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி, மடிக்கணினி, தையல் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகங்கள், உடுதுணிகள் ஆகிய எவற்றுக்கும் வீட்டுக்காரரின் காப்புறுதியில் ஒரு சதமும் கிடையாது. அவற்றை உங்கள் பெயரில் நீங்கள்தான் காப்புறுதி செய்துகொள்ள வேண்டும்.

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். மகளுக்கென்று கட்டி முடித்த வீட்டை அவளுடைய கலியாணம் வரைக்கும் வாடகைக்குக் கொடுப்பவர்கள் பலர். அவற்றில் குடிவருபவர்களோ இடமாற்றத்தில் வந்த ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வைத்தியசாலைகளில் பணிபுரியும் தாதியர், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் படிக்கும் மாணவர்கள் என்று பெரும்பாலும் வெளியூர்க்காரர்களாக இருப்பார்கள். மாரி காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கத்தால் ஏறும், எந்த ஒழுங்கையில் முழங்கால் வரைக்கும் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே வீடு பார்க்கப் போகும்போதே அயல் வீட்டாரிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: கடைசியாக வந்த பெரிய வெள்ளத்தில் இந்த வளவுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரத்துக்கு நின்றது? வாடகையைத் தீர்மானிக்கவும், காப்புறுதியில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தீர்மானிக்கவும் இந்த ஒரு பதில் உதவும்.

எதைக் கேட்டு வாங்குவது

வாடகைக் குடியிருப்பாளருக்கென்று தனிப் பெயரில் விற்கப்படும் காப்புறுதியை இங்கே தேடி அலைய வேண்டியதில்லை. பொதுக் காப்புறுதி செய்யும் கம்பனிகளின் வீட்டுக் காப்புறுதியில் கட்டடம் ஒரு பகுதியாகவும், வீட்டிலுள்ள பொருட்கள் இன்னொரு பகுதியாகவும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது பகுதி மட்டுமே. முகவரிடம் அல்லது கிளையில், "நான் வாடகைக்கு இருக்கிறேன், கட்டடம் வேண்டாம், பொருட்களுக்கு மட்டும் தாருங்கள்" என்று தெளிவாகச் சொல்லி, எழுத்தில் விலைக்கூற்று பெறுங்கள். ஒன்றுக்கு இரண்டு கம்பனிகளிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. வட்டி கலந்த ஏற்பாடுகளைத் தவிர்க்க விரும்புபவர்கள் தக்காஃபுல் எனப்படும் இஸ்லாமியக் காப்புறுதி முறையிலும் இதே பாதுகாப்பைக் கேட்கலாம்.

இந்தக் காப்புறுதியின் அடித்தளம் தீயும் இடிமின்னலும்தான். அதற்கு மேல் வெடிப்பு, புயல், வெள்ளம், மரம் முறிந்து விழுதல், நீர்க்குழாய் வெடித்தல், வீடுடைத்துத் திருடுதல் என்பவை கம்பனிக்குக் கம்பனி வேறுபட்டு, சிலவற்றில் சேர்ந்தே வரும், சிலவற்றில் மேலதிகக் கட்டணத்துக்குச் சேர்க்கப்படும். கலவரம், வேலைநிறுத்தம், பயங்கரவாதம் ஆகியவற்றால் வரும் நட்டத்துக்கான பாதுகாப்பு தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நிர்வகிக்கும் தனி நிதியத்தினூடாக வழங்கப்படுவது. அதுவும் கேட்டுச் சேர்க்க வேண்டிய ஒன்று. இந்தப் பெயர்கள் எல்லாம் விளம்பரத் தாளில் அழகாக இருக்கும். உங்களைக் காப்பது விளம்பரத் தாள் அல்ல; உங்கள் பெயரும் முகவரியும் தொகைகளும் அச்சிடப்பட்டுக் காப்புறுதிப் பத்திரத்துடன் வரும் அட்டவணைப் பக்கமே ஆகும். அந்தப் பக்கத்தில் பெயர் சொல்லப்படாத அபாயத்துக்கு இழப்பீடு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கில் இருப்பவர் அந்தப் பக்கத்தில் முதலில் தேட வேண்டிய சொல் வெள்ளம். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை இன்னும் மறக்காத மூத்தவர்கள் இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை கல்லடி, நாவலடி முதல் கல்முனை, மருதமுனை, திருக்கோவில் வரைக்கும் கரையோரத்தை அழித்தது. 2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரும்பகுதி நீரில் கிடந்தது. 2024 நவம்பர் இறுதியில் அம்பாறை மாவட்டத்தின் வீதிகள் வெள்ளத்தில் துண்டிக்கப்பட்டன. வடகீழ்ப் பருவக்காற்றின் மழை ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டும்போது, உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரை தாழும். வாவி நிரம்பிக் கடலுக்குப் போக வழியில்லாமல் நிற்கும்போது முகத்துவாரம் வெட்டப்படும் வரைக்கும் நகரின் தாழ்ந்த பகுதிகளில் தண்ணீர் வடியாது. இப்படி நிலத்திலிருந்து ஏறிவரும் தண்ணீரே காப்புறுதிக் கணக்கில் வெள்ளம் ஆகும். காற்றடித்து ஓடு பறந்து, அந்த இடைவெளியால் மழை உள்ளே விழுந்து மெத்தை நனைந்தால் அது புயல் சேதம். ஓடு ஏற்கெனவே உடைந்திருந்து, ஒவ்வொரு மழைக்கும் ஒழுகி ஒழுகி அலுமாரி உக்கிப்போனால் அது பராமரிப்புக் குறைவு. அதற்கு எந்தக் கம்பனியும் பணம் தராது. புயல் என்று மட்டும் எழுதியிருக்கும் பத்திரத்தை வைத்துக்கொண்டு வெள்ளத்துக்கு இழப்பீடு கேட்டால், மறுப்புக் கடிதம் வருவதில் வியப்பில்லை. கரையோரத்தில் குடியிருப்பவர்கள், ஆழிப்பேரலையும் நிலநடுக்கமும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வானம் வெளித்திருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வானொலியில் வந்த பிறகு கிளைக்கு ஓடினால், கம்பனி வெள்ளப் பாதுகாப்பைத் தர மறுக்கலாம்; தந்தாலும், தொடங்கிவிட்ட அபாயம் என்று சொல்லிப் பின்னர் கைவிரிக்கலாம். ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில் எடுப்பதே எங்கள் மாவட்டங்களுக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து.

தொகையைக் குறைத்துச் சொல்லாதீர்கள்

கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் பலர் பொருட்களின் பெறுமதியைக் குறைத்துச் சொல்கிறார்கள். இதனால் வரும் நட்டம் இழப்பீடு கோரும் நாளில்தான் தெரியவரும். உங்கள் வீட்டுப் பொருட்களின் உண்மையான பெறுமதி 12 இலட்சம் ரூபாய் என்றும், நீங்கள் 6 இலட்சத்துக்கு மட்டும் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்றும், வெள்ளத்தில் 3 இலட்சம் ரூபாய்ப் பொருட்கள் பழுதாகின என்றும் வைத்துக்கொள்வோம். 3 இலட்சம் என்பது 6 இலட்சத்துக்குள் அடங்குவதால் முழுத்தொகையும் கிடைக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பத்திரத்தில் விகிதாசார நிபந்தனை இருந்தால், பாதிப் பெறுமதிக்கே காப்புறுதி செய்தவருக்குப் பாதி நட்டமே தரப்படும். அதாவது 1,50,000 ரூபாய். அதிலிருந்தும் நீங்களே தாங்க வேண்டிய முதற்பகுதி கழியும். முகவர்கள் எக்ஸஸ் என்று சொல்லும் இந்தத் தொகை, உதாரணமாக இப்படிக் கணக்கிட்ட இழப்பீட்டின் 10 சதவீதம் அல்லது 25,000 ரூபாய், இரண்டில் எது கூடுதலோ அது என்று எழுதப்பட்டிருந்தால், கடைசியில் உங்கள் கைக்கு வருவது 1,25,000 ரூபாய்தான்.

இன்னொரு கேள்வியையும் அதே நாளில் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலையைத் தருவார்களா, அல்லது தேய்மானம் கழித்துத் தருவார்களா? ஏழு வருடம் பாவித்த குளிர்சாதனப் பெட்டிக்குத் தேய்மானம் கழித்தால் மிஞ்சுவது சொற்பம். 2022 இல் ரூபாயின் பெறுமதி விழுந்த பிறகு மின்சாதனங்களின் விலை எவ்வளவு ஏறியது என்பதை யாவரும் அறிவோம். அதற்கு முன் எழுதிய தொகையை அப்படியே வருடா வருடம் புதுப்பித்துக்கொண்டு வருபவர்கள் இன்றைய கடை விலையைப் பார்த்துத் தொகையைத் திருத்த வேண்டும்.

முன்மொழிவுப் படிவத்தை முகவர் நிரப்பித் தருகிறேன் என்றாலும், கையெழுத்திடும் முன் ஒவ்வொரு வரியையும் வாசியுங்கள். முன்பு வெள்ளம் வந்ததா, வாவியிலிருந்தோ கடலிலிருந்தோ எவ்வளவு தூரம், கூரை ஓடா தகரமா, வீட்டில் தொழில் ஏதும் நடக்கிறதா என்ற கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் மேல் நிற்பது; முக்கியமான ஒன்றை மறைத்தது பின்னர் தெரிந்தால், உண்மையாகவே நடந்த நட்டத்துக்கும் பணம் மறுக்கப்படலாம்.

சேராதவையும் வரம்புக்கு உட்பட்டவையும்

கறையான் அரித்தது, துருப்பிடித்தது, ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தது, எலி கடித்தது, இயந்திரம் தானாகப் பழுதானது என்பவை பொதுவாகச் சேரா. மோட்டார் சைக்கிளுக்கு அதன் சொந்தக் காப்புறுதி உண்டு, இதில் வராது. காசுக்குச் சிறிய வரம்பு இருக்கும். தங்க நகை விடயத்தில் கூடிய கவனம் வேண்டும்: ஒரு பொருளுக்கு இவ்வளவு, எல்லா நகைக்கும் சேர்த்து இவ்வளவு என்று உச்ச வரம்பு போடப்பட்டிருக்கும், அதற்கு மேற்பட்டதைத் தனியாகப் பெயர், நிறை, பெறுமதி குறித்து அறிவித்திருக்க வேண்டும். அடகு வைத்த நகை உங்கள் வீட்டில் இல்லை என்பதால், அதற்கு வீட்டுக் காப்புறுதியில் இடமில்லை. அடகுச் சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்.

வீட்டில் தொழில் செய்பவர்கள் இந்த இடத்தில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். மருதமுனையில் வாடகை வீட்டின் முன்னறையில் தறி போட்டிருப்பவரின் தறி, நூல், நெய்து முடித்த சாரிகள் ஆகியன வீட்டுப் பொருட்கள் அல்ல, தொழிற் பொருட்கள். கேக் செய்து விற்பவரின் பெரிய வெதுப்பு அடுப்பும், தையற்காரியிடம் வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்த துணிகளும் அப்படியே. அவற்றை வெளிப்படையாகச் சொல்லித் தனிப் பகுதியாகச் சேர்க்க வேண்டும். ஒரே வீட்டில் அறை அறையாகத் தங்கியிருக்கும் மாணவர்களுக்கும் ஒன்று: பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய, அவரது குடும்பத்தாருடைய பொருட்களுக்கே பொதுவாகப் பாதுகாப்பு. அடுத்த கட்டிலில் படுப்பவரின் மடிக்கணினி அதில் அடங்காது.

வீடு பூட்டிக் கிடக்கும் காலமும் முக்கியம். பத்திரங்களில் இத்தனை நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் திருட்டுக்குப் பாதுகாப்பு இல்லை என்று ஒரு நிபந்தனை இருப்பது வழக்கம்; 30 நாள் என்பது பரவலாகக் காணப்படும் வரம்பு. யாழ்ப்பாணத்திலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்து இங்கே கற்பிக்கும் ஆசிரியர்கள் டிசம்பர் விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறார்கள். மழையும் அதே மாதத்தில்தான் உச்சத்தில் இருக்கும். போகும்போது கீழ்த்தட்டில் உள்ளவற்றை மேலே தூக்கி வைத்து, மின்சாரத்தைப் பிரதான ஆளியில் நிறுத்தி, அயலவர் ஒருவரிடம் இடைக்கிடை வந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போவது காப்புறுதிக்கு அப்பாலும் நல்ல பழக்கம்.

வாடகைக்காரர் பலரும் கவனிக்காத ஒரு பகுதி பொறுப்புக் காப்புறுதி. உங்கள் கவனக்குறைவால் சமையலறையில் தீப்பிடித்து வீட்டுக்காரரின் கூரை எரிந்தால், அவர் உங்களிடம் நட்டம் கேட்கலாம். அவருக்குப் பணம் கொடுத்த காப்புறுதிக் கம்பனி, அவருடைய இடத்தில் நின்று உங்களிடம் அதை அறவிட வரலாம். 2021 இன் இறுதியில் நாடெங்கும் சமையல் எரிவாயு வெடிப்புச் சம்பவங்கள் அடுத்தடுத்து வந்ததை நினைத்துப் பார்த்தால், குடியிருப்பவரின் சட்டப் பொறுப்புக்கும் பாதுகாப்புச் சேர்ப்பது வீண்செலவு அல்ல என்பது விளங்கும். வீடு குடியிருக்க முடியாமல் போனால் தற்காலிகமாக வேறிடத்தில் தங்கும் செலவைத் தரும் பகுதியும் சில பத்திரங்களில் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஆதாரத்தை இன்றே சேர்த்து வையுங்கள்

வெள்ளம் வடிந்த பிறகு, என்ன இருந்தது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். அதற்கு ஒரு பின்னேரம் போதும். கைத்தொலைபேசியை எடுத்து, வாசலிலிருந்து தொடங்கி அறை அறையாகக் காணொளி எடுங்கள். அலுமாரிக் கதவுகளைத் திறந்து உள்ளிருப்பதையும் காட்டுங்கள். பிறகு பெரிய சாதனங்களைத் தனித்தனியாகப் படம் பிடியுங்கள். குளிர்சாதனப் பெட்டியை முன்னிருந்து எடுத்த படம் மட்டும் போதாது. அதன் பின்புறத்திலோ உட்சுவரின் கீழ்ப்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சிறிய வெள்ளித் தாளில் மாதிரி எண்ணும் தொடரிலக்கமும் இருக்கும். அது எழுத்துக்கு எழுத்து வாசிக்கும்படி கிட்டப் பிடித்து எடுக்க வேண்டும். பின்புறத்தில் அடியோடு ஒட்டினாற்போல் இருப்பதுதான் கொம்பிரசர். தரைக்கு மேல் ஒரு சாண் தண்ணீர் வந்தாலே அது நனைந்துவிடும் என்பதால், வெள்ளத்தில் முதலில் பழுதாகும் பொருட்களில் இதுவும் ஒன்று. பற்றுச்சீட்டுகளையும் உத்தரவாத அட்டைகளையும் படம் எடுத்து, எல்லாவற்றையும் உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். கடைப் பற்றுச்சீட்டின் மை ஓரிரு வருடங்களில் மங்கிவிடும், படம் மங்காது. வாடகை ஒப்பந்தத்தின் பிரதியையும் அதனோடு சேர்க்க வேண்டும், ஏனெனில் அந்த முகவரியில் குடியிருப்பவர் நீங்கள்தான் என்பதற்கு அதுவே சான்று.

எப்போது கோர வேண்டும், எப்போது விட்டுவிட வேண்டும்

நட்டம் வந்ததும் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாக யோசியுங்கள். நட்டத்தை உண்டாக்கிய காரணம் அட்டவணையில் பெயர் சொல்லப்பட்டிருக்கிறதா? பழுதான பொருள் வீட்டுக்காரருடையது அல்லாமல் உங்களுடையதா? நட்டத்தின் பெறுமதி, நீங்களே தாங்க வேண்டிய முதற்பகுதியைத் தெளிவாகத் தாண்டுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் தயங்காமல் கோருங்கள். கட்டிய பணத்தின் பயன் அதுதான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதற்பகுதி 25,000 ரூபாயாக இருக்க, மழையில் நனைந்தது 18,000 ரூபாய் மெத்தை ஒன்று மட்டுமென்றால் கோருவதில் பொருளில்லை. நட்டம் 30,000 என்றால் கிடைப்பது 5,000. அதற்காகப் பழுதுபார்ப்பவரின் அறிக்கைக்கும் போக்குவரத்துக்கும் செலவழித்து, இழப்பீடு கோராதவருக்குப் புதுப்பிக்கும்போது கிடைக்கும் கழிவையும் இழக்க நேரிடலாம். இத்தகைய இடைப்பட்ட நட்டங்களில் கணக்குப் பார்த்து முடிவெடுக்க வேண்டும். ஆனால் அறிவிப்பது வேறு, கோருவது வேறு என்பதை மறக்க வேண்டாம். வெள்ளம் வடிந்த மறுநாள் சிறியதாகத் தெரியும் நட்டம், இரண்டு கிழமை கழித்துச் சலவை இயந்திரமும் தொலைக்காட்சியும் இயங்காமல் போகும்போது பெரிதாகிவிடும். ஆகவே வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் அன்றே தொலைபேசியில் அறிவித்து, முறைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னர் எழுத்திலும் அனுப்புங்கள். எத்தனை நாட்களுக்குள் எழுத்து மூல அறிவிப்பும் படிவமும் சேர வேண்டும் என்பது பத்திரத்தின் நிபந்தனைப் பகுதியில் இருக்கும். அந்த நாட்களைத் தவறவிட்டுச் சரியான கோரிக்கையையும் இழந்தவர்கள் உண்டு.

கோரக் கூடாத இடங்களும் உண்டு. கறையான் அரித்த அலுமாரியை வெள்ளத்தில் பழுதானது என்று எழுதுவதும், இல்லாத தொலைக்காட்சியைப் பட்டியலில் சேர்ப்பதும் மோசடி. ஒரு பொய் வரியால் முழுக் கோரிக்கையும் தள்ளப்படலாம். சுவர் வெடிப்பு, கிணற்று மோட்டர், மின்னிணைப்பு ஆகியவற்றை வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள். அவை அவருடைய கணக்கு.

வெள்ளத்துக்குப் பிறகு செய்ய வேண்டியவை

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆளிகளைத் தொடாதீர்கள். மின்சாரம் பாதுகாப்பானது என்று உறுதியான பிறகே உள்ளே வேலை தொடங்க வேண்டும். மின்தடை, அறுந்த கம்பி என்பவற்றை மின்சார சபைக்கு 1987 என்ற இலக்கத்திலும், ஆட்களை வெளியேற்றும் உதவியை அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கத்திலும் அறிவிக்கலாம். சுவரில் சேறு விட்டுப்போன கோடு தெரியும். ஒரு அளவு நாடாவை அல்லது பிள்ளையின் அடிமட்டத்தையாவது அதனருகில் பிடித்துப் படம் எடுங்கள். தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்ற வாக்குவாதத்தை அந்த ஒரு படம் முடித்து வைக்கும். கழுவித் துடைத்த பிறகு எடுக்கும் படத்துக்கு அந்த வலு இல்லை.

பழுதானவற்றை, நட்டத்தைக் கணிக்கக் கம்பனி அனுப்பும் மதிப்பீட்டாளர் பார்க்கும் முன் எறிந்துவிடாதீர்கள். அதேநேரம் காப்பாற்றக் கூடியதைக் காப்பாற்றும் கடமையும் உங்களுக்கு உண்டு. நனைந்த துணிகளை உலர்த்தாமல், மரத் தளபாடங்களைச் சேற்றிலிருந்து தூக்காமல் விட்டால், அதனால் கூடிய நட்டத்துக்குக் கம்பனி பொறுப்பேற்காது. நாற்றமெடுக்கும் மெத்தை, அரிசி போன்றவற்றை அப்புறப்படுத்தியே ஆக வேண்டுமென்றால், கம்பனிக்கு அழைத்துச் சொல்லி அனுமதி பெற்று, படம் எடுத்து, மெத்தை உறையின் ஒரு துண்டையாவது வைத்துக்கொண்டு அகற்றுங்கள். நனைந்த மின்சாதனங்களை இயக்கிப் பார்க்காமல் பழுதுபார்ப்பவரிடம் காட்டி, என்ன காரணத்தால் பழுதானது, திருத்த எவ்வளவு, திருத்த முடியாதா என்பதைக் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள்.

கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்வதும் அவசியம். அவருடைய உறுதிப்படுத்தல் கடிதத்தைக் கம்பனி கேட்கலாம். அரசாங்க நிவாரணத்துக்கும் அதுவே வழி. 2016 இல் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினூடாக இயற்கை அனர்த்தங்களுக்கான தேசிய காப்புறுதித் திட்டம் ஒன்று, 25 இலட்சம் ரூபாய் உச்ச வரம்புடன் தொடங்கப்பட்டது. அதைக் காரணம் காட்டித் தனிக் காப்புறுதி தேவையில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை: அரசாங்க உதவியின் அளவையும் நேரத்தையும் அரசாங்கமே தீர்மானிக்கிறது, கட்டடச் சேதத்துக்கு வருவதும் வீட்டுச் சொந்தக்காரருக்கே உரியது. இருந்தாலும் வாடகைக்கு இருப்பவரும் தம் பெயரைப் பிரதேச செயலகப் பட்டியலில் சேர்ப்பிக்க வேண்டும். கம்பனி கேட்டால், பெற்ற உதவியை மறைக்காமல் சொல்லுங்கள்.

திருட்டு என்றால் வரிசை மாறும். முதலில் பொலிஸ், அவசரத்துக்கு 119. அவர்கள் வரும்வரை உடைத்த பூட்டையோ யன்னல் கம்பியையோ தொடாதீர்கள், ஏனெனில் பலவந்தமாக உடைத்து உட்புகுந்த அடையாளம் இருந்தால்தான் பெரும்பாலான பத்திரங்கள் பணம் தரும். திறந்து கிடந்த கதவால் போன பொருளுக்கும், வீட்டில் வேலைக்கு வந்தவர் எடுத்த பொருளுக்கும் தனியாகச் சேர்த்திருந்தாலன்றிக் கிடைக்காது. முறைப்பாட்டில் எழுதும் பட்டியலும் கம்பனிக்குக் கொடுக்கும் பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு நினைவுக்கு வந்த பொருளை மேலதிக வாக்குமூலமாகப் பொலிஸிலும் பதியுங்கள். முறைப்பாட்டின் உறுதிப்படுத்திய பிரதி கையில் இருக்கட்டும்.

சித்திரை, ஐப்பசி மாதங்களின் பின்னேர இடிமழையில் தொலைக்காட்சியும் ரவுட்டரும் எரிந்துபோவது வழமை. மின்னலால் எரிந்ததா, மின்னழுத்த ஏற்றத்தாழ்வால் எரிந்ததா என்பதைப் பழுதுபார்ப்பவரின் அறிக்கை சொல்ல வேண்டும். முன்னதுக்கு இருக்கும் பாதுகாப்பு பின்னதுக்கு இல்லாமலிருக்கலாம்.

மதிப்பீட்டாளர் வரும்போதும் அதற்குப் பிறகும்

நட்ட மதிப்பீட்டாளர் வரும் நாளில் பட்டியலின் இரண்டு பிரதிகளைத் தயாராக வைத்து, ஒன்றில் அவர் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பொருள், வாங்கிய வருடம், வாங்கிய விலை, இன்றைய விலை, சேதத்தின் தன்மை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு அவர்களுக்கு வீடு வீடாக வேலை இருக்கும், தாமதம் ஏற்படும். கிழமைக்கு ஒரு தடவை எழுத்தில் விசாரித்துக்கொண்டிருங்கள். தொலைபேசியில் சொன்னதை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

தொகை தீர்மானமானதும் ஒரு படிவம் வரும். இத்தொகையை முழுமையானதும் இறுதியானதுமான தீர்வாக ஏற்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். கையில் காசில்லாத அவசரத்தில் பலர் வாசிக்காமலே கையெழுத்திட்டு விடுகிறார்கள். அதன் பிறகு கூடுதலாகக் கேட்பது மிகவும் கடினம். தொகை குறைவென்று தோன்றினால், எந்தப் பொருளுக்கு எவ்வளவு கழித்தார்கள் என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். முதலில் கம்பனியின் தலைமையகத்துக்கு முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால், காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். மறுப்புக் கடிதம், பத்திரம், படங்கள், நீங்கள் அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் ஆகியவற்றை இணைத்து, நடந்ததைத் திகதி வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதினாலே போதும். அதைத் தமிழிலேயே எழுதலாம்.

வீடு மாறுபவர்களுக்கு ஒரு குறிப்பு. இந்தக் காப்புறுதி அட்டவணையில் உள்ள முகவரியோடு கட்டுண்டது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு இடமாற்றம் கிடைத்துப் பொருட்களை லொறியில் ஏற்றும்போது, வழியில் நடக்கும் சேதத்துக்குத் தனியாகக் கேட்டிருந்தாலன்றிப் பாதுகாப்பு இல்லை. புதிய முகவரியை அறிவித்துத் திருத்தப் பத்திரம் பெறும் வரை புதிய வீட்டிலும் இல்லை. ஆகவே புதிய வீட்டின் திறப்பை வாங்கும் முன்னரே கம்பனிக்கு எழுத்தில் அறிவித்து, மாறும் திகதியையும் கூரையின் வகையையும் அங்கே வெள்ளம் ஏறிய உயரத்தையும் கொடுத்து, திருத்தப் பத்திரத்தைக் கையில் வாங்கிக்கொண்டு குடிபோங்கள்.